வால்வ் அம்பிக்கு றான்சிஸ்ரர் வைச்ச ஸ்ராண்ட்பை சப்ளை, கறண்ட் போய்ப் போய் வாற இடத்துக்கு எப்பிடிச் செய்யலாம்?

மாங்குளத்தான்:

வணக்கம் எல்லாருக்கும். கொஞ்சம் நீளமா எழுதுறன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

எங்கட பெரியப்பா முந்தி லவுட்ஸ்பீக்கர் கட்டுற வேலை செய்தவர், அவற்ற வால்வ் அம்பி (கண்ணாடி வால்வாலை வேலை செய்யிற அம்பிளிபயர்) ஒண்டு எங்களிட்டக் கிடக்கு. 2008ல இடம்பெயரேக்க அதைப் பொலித்தீனிலை நாலைஞ்சு சுத்துச் சுத்தி கிணத்தடிக்குப் பக்கத்திலை தாட்டுப்போட்டுப் போனவை, 2010ல திரும்பி வந்து கிண்டி எடுத்தது. தகரம் கறள் பிடிச்சிருந்தாலும் றான்ஸ்போமர் ரெண்டும் தப்பிட்டுது. உள்ளுக்கை கடைசியாச் சத்தத்தைப் பெருக்கிற இஎல்84 வால்வ் ரெண்டு புஷ்புல்லா (மாறி மாறி இழுக்கிற சோடியா), முன்னுக்கு ரெண்டு இசிசி83. ஏசியை டிசி ஆக்கிற றெக்ரிபயர் வால்வ் இசற்81, அது மட்டும் கிண்டேக்க வெடிச்சுப் போச்சு. பெரியப்பா அதைக் கழட்டிப்போட்டு ரெண்டு 1என்4007 டயோட் வைச்சு அப்பவே பாட வைச்சிட்டார்.

பிரச்சினை என்னெண்டா, டயோட் வைச்ச பிறகு சுவிச்சைப் போட்ட உடன எச்ரி (வால்வுக்குப் போற 300 வோல்ட் அளவான டிசி) முழுக்க ஏறுது, வால்வ் ஒண்டும் சூடாகேல்லை. நான் அளந்து பாத்தன், முதல் ரெண்டு மூண்டு செக்கனுக்குள்ள 390, பிறகு வால்வ் சூடாகி இழுக்கத் தொடங்கினாப் பிறகுதான் 320க்கு இறங்கி நிக்குது. போன மாதம் டயோட்டுக்கு அடுத்ததா நிக்கிற முதல் கப்பாசிற்றர் ஊதி வெடிச்சுது, அது பழைய 350 வோல்ட் சாமான். இப்ப 450 வோல்ட் 47 மைக்ரோ பரட் புதுசு போட்டிருக்கிறன். ஆனா இஞ்ச ஒரு நாளைக்கு எத்தினை தரம் கறண்ட் போய் வருமெண்டு உங்களுக்குத் தெரியும்தானே, மழை தொடங்கினா ஒரு மணித்தியாலத்துக்குள்ளயே மூண்டு நாலு தரம். ஒவ்வொரு தரமும் உந்த அடியை வாங்கிக்கொண்டு கிடந்தா எத்தினை நாளைக்குத் தாங்கும்?

மார்கழியிலை திருவெம்பாவைக்கு எங்கட ஊர்ப் பிள்ளையார் கோயிலிலை விடிய நாலு மணிக்கு இந்த அம்பியிலைதான் பாட்டுப் போட வேணுமெண்டு பெரியப்பா ஆசைப்படுறார். அவருக்கு இப்ப நடக்க ஏலாது, கட்டிலிலை இருந்தபடி கேக்கலாமெண்டு சொல்லுறார். அதுக்குள்ள செய்து முடிக்க வேணும்.

நான் யோசிச்சது 555 ரைமர் (நேரம் எண்ணுற சின்ன ஐசி) ஒண்டும் றிலே (கறண்டாலை இயங்கிற சுவிச்) ஒண்டும் வைச்சு, 30 செக்கனுக்குப் பிறகு எச்ரியைக் குடுக்கிறது. பூசை நேரம் பாட்டை நிப்பாட்டேக்க ஸ்ராண்ட்பையிலை (வால்வ் சூடா நிக்க, பாட்டு மட்டும் நிக்கிற நிலை) விடவும் அதே றிலே காணும். இது சரியா, இல்லாட்டி றான்சிஸ்ரராலயே செய்யலாமா? என்னட்டப் பழைய கொம்பியூட்டர் பவர் சப்ளையிலை கழட்டின 13007 றான்சிஸ்ரர் நாலைஞ்சு கிடக்கு. அதைப் பாவிக்கலாமெண்டா வவுனியாவுக்கு ஓடத் தேவையில்லை.


வவுனியா வேர்க்‌ஷொப்:

தம்பி முதல்ல றிலேயை விடுங்கோ. கடையிலை வாங்கிற சின்னக் கட்டி றிலேயிலை என்ன எழுதியிருக்கெண்டு பாருங்கோ, 10 அம்பியர் 250 வோல்ட் ஏசி எண்டு இருக்கும், அதுக்குக் கீழ டிசிக்கு 30 வோல்ட் எண்டு இருக்கும். ஏசி ஒரு செக்கனுக்கு நூறு தரம் சைபருக்கு வாறதால நெருப்பு தானா அணையும், டிசி அப்பிடி இல்லை, 300 வோல்ட் டிசியை அந்த றிலே வெட்டேக்க ஆர்க் இழுத்துக்கொண்டு நிக்கும், கொஞ்ச நாளிலை கொன்ராக்ற் ஒட்டிப்போகும். முன்பக்கத்திலை வைக்கிற ரொகிள் சுவிச்சுக்கும் இதே கதைதான். கன ஆக்கள் அதைத்தான் வைச்சிருக்கினம், வேலையும் செய்யுது, ஆனா நான் வைக்க மாட்டன்.

13007ம் உதுக்குச் சரிவராது. அது 400 வோல்ட் தாங்கும், அது பிரச்சினையில்லை, ஆனா அதின்ர கெயின் (பேஸுக்குக் குடுக்கிற கறண்டை எத்தினை மடங்காக்கும் எண்டது) சரியான குறைவு, 20 எண்டு வைச்சாலும் 100 மில்லி அம்பியர் குடுக்க பேஸுக்கு 5 மில்லி அம்பியர் வேணும். மெதுவா ஏற வைக்கிறதுக்கு நாங்கள் பெரிய றெசிஸ்ரரும் கப்பாசிற்றரும் வைக்கப் போறம், அந்தப் பெரிய றெசிஸ்ரருக்கால 5 மில்லி அம்பியர் எங்க வாறது. ரெண்டு மூண்டைக் கோத்து டார்லிங்ரன் ஆக்கலாம்தான், அதிலும் பாக்க மொஸ்பெற் (வோல்ட்டாலை திறக்கிற றான்சிஸ்ரர், கேற், டிறெயின், சோர்ஸ் எண்டு மூண்டு கால்) ஒண்டு வையுங்கோ. கேற்றுக்குக் கறண்டே தேவையில்லை எண்டு சொல்லுற அளவுதான். ஐஆர்எஃப்840 எண்டது 500 வோல்ட், கடையிலை கிடைக்கும். வவுனியாவுக்கு வர ஏலாட்டி ஆற்றையன் வீட்டிலை செத்த லப்ரொப் சார்ஜர் கிடக்குதா பாருங்கோ, உள்ளுக்கை 7என்60, 10என்60 எண்டு எழுதின சாமான் ஒண்டு இருக்கும், கடைசி 60 எண்டது 600 வோல்ட்டைக் குறிக்கும். கன சார்ஜரிலை சாகிறது வேற ஏதும், மொஸ்பெற் நல்லாத்தான் இருக்கும், மீற்றரிலை செக் பண்ணிப்போட்டு எடுங்கோ.

கட்டுற விதம் இதுதான். முதல் கப்பாசிற்றரின்ர பிளஸ்சிலை இருந்து மொஸ்பெற்றின்ர டிறெயினுக்கு. சோர்ஸிலை இருந்து அவுட்புட் றான்ஸ்போமருக்கும் மற்ற எல்லாத்துக்கும். அதே பிளஸ்சிலை இருந்து 470 கிலோ ஓம் ரெண்டு தொடராப் போட்டு ஒரு புள்ளிக்குக் கொண்டு வாங்கோ, அந்தப் புள்ளியிலை இருந்து ஏர்த்துக்கு ஒரு கப்பாசிற்றர், அந்தப் புள்ளியிலை இருந்து 1 கிலோ ஓம்முக்கால கேற்றுக்கு. அந்த 1 கிலோ ஓம் கேற்றின்ர காலோட ஒட்டினபடி இருக்க வேணும், தள்ளி வைச்சா மொஸ்பெற் றேடியோ அலைவரிசையிலை ஆடத் தொடங்கும், ஏன் சூடாகுதெண்டு தெரியாமத் தலையைப் பிச்சுக்கொள்ள வேண்டி வரும். கேற்றுக்கும் சோர்ஸுக்கும் நடுவிலை 12 வோல்ட் சேனர் (12 வோல்ட்டுக்கு மேல போக விடாத டயோட்) கட்டாயம், கேற்றின்ர ஒக்சைட்டு 20 வோல்ட்டுக்கு மேல தாங்காது.

470 கிலோ ஓம் ஏன் ரெண்டு எண்டா, சாதாரண கால் வற் றெசிஸ்ரர் 250 வோல்ட்டுக்குத்தான், வற் கணக்குச் சரியா வந்தாலும் வோல்ட்டுக்கு மேல போனா நாள்பட மதிப்பு மாறி ஒருநாள் திறந்துபோகும். ரெண்டாப் பிரிச்சா யோசிக்கத் தேவையில்லை.


மாங்குளத்தான்:

நன்றி அண்ணை. இது விளங்குது, கேற் மெதுவா ஏற சோர்ஸ் அதுக்குப் பின்னால மெதுவா ஏறும். கப்பாசிற்றர் எவ்வளவு? என்னட்ட 22 மைக்ரோ பரட் 450 வோல்ட் எலெக்ரோலிற்றிக் ஒண்டு இருக்கு. 940 கிலோ ஓம்மோட அது கிட்டத்தட்ட 20 செக்கன் வருது, அது காணும் எண்டு நினைக்கிறன்.


இரணைமடுக் காத்து:

நேரம் காணும். ஆனா அந்த இடத்திலை எலெக்ரோலிற்றிக் வையாதேங்கோ. எலெக்ரோலிற்றிக் எல்லாமே கொஞ்சம் கசியும், 300 வோல்ட்டிலை இருபது முப்பது மைக்ரோ அம்பியர் கசிஞ்சாலும் உங்கட 940 கிலோ ஓம்மிலை அது 20, 30 வோல்ட் விழுத்தும். அதோட அது நிரந்தரமில்லை, சூடாகச் சூடாக மாறும், பழசாகப் பழசாக மாறும். பிறகு எச்ரி ஏன் இண்டைக்கு 300, நேற்று 285 எண்டு தேடித் திரிவியள். நான் உந்தப் பிழையை விட்டு ஒரு மாதம் அலைஞ்சனான்.

வோட்டர் பம்ப் கப்பாசிற்றர் ஒண்டு எடுங்கோ. மோட்டர் ஓடேக்க இணைப்பிலையே நிக்கிற கப்பாசிற்றர், ஸ்ராட் கப்பாசிற்றர் இல்லை. 20 மைக்ரோ பரட் 450 வோல்ட் ஏசி எண்டு எழுதின வெள்ளைப் பேணி, மோட்டர் திருத்துற எந்தக் கடையிலையும் இருக்கும், உங்கட மாங்குளச் சந்தியிலையே கிடைக்கும். அது பிளாஸ்ரிக் பிலிம், கசிவு எண்டு சொல்ல ஒண்டுமில்லை, 300 வோல்ட் டிசி அதுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஸ்ராட் கப்பாசிற்றர் எண்டது கறுப்புப் பேணியிலை வாறது, அது எலெக்ரோலிற்றிக், மாறி வாங்கிப்போடாதேங்கோ. பேணி கொஞ்சம் பெரிசுதான், பழைய அம்பிச் சேசியிலை இடத்துக்குப் பஞ்சமில்லையே.

இன்னொண்டு. அந்தப் புள்ளியிலை இருந்து ஏர்த்துக்கு 10 மெகா ஓம் ரெண்டு தொடராப் போடுங்கோ. இது ஏனெண்டா, உங்கட 47 மைக்ரோ பரட்டிலை 90, 100 மில்லி அம்பியர் இழுக்கேக்க றிப்பிள் (டிசிக்கு மேல மிச்சமா நிக்கிற ஏசி ஆட்டம்) மேலயும் கீழயுமா ஒரு 15, 20 வோல்ட் ஆடும். கேற்றைச் சராசரி வோல்ட்டிலயே வைச்சா, றிப்பிள் பள்ளத்துக்கு வரேக்க டிறெயின் சோர்ஸுக்குக் கிட்ட வந்திடும், அந்த நேரம் மொஸ்பெற்றாலை ஒண்டையும் தடுக்க ஏலாது, ஹம் (ஊங் எண்ட இரைச்சல்) அப்பிடியே உள்ளுக்கை போகும். 20 மெகா ஓம் வைச்சா கேற் 320க்குப் பதிலா ஒரு 305ல நிக்கும், மொஸ்பெற் 4 வோல்ட் எடுக்க வெளியிலை 300 சொச்சம். அதுதான் இஎல்84க்கும் வேணும், அது 300 வோல்ட் வால்வ், நீங்கள் இவ்வளவு நாளும் 320ல ஓட்டிக்கொண்டிருக்கிறியள். ஸ்ராண்ட்பைக்கு எண்டு தொடங்கின சாமான் ஹம்மையும் குறைச்சுத் தரும், வோல்ட்டையும் சரியான இடத்துக்குக் கொண்டு வரும். எனக்கு இந்தச் சேர்க்கிற்றிலை ஆகப் பிடிச்சது அதுதான்.


பழைய றேடியோ:

தம்பிமார் எழுதினதைப் பாத்தன், நல்லாச் சொல்லியிருக்கினம். ஆனா கேள்வி கேட்டவர் கேட்ட முக்கியமான விசயத்துக்கு இன்னும் ஒருத்தரும் வரேல்லை. கறண்ட் போய்ப் போய் வாற இடம் எண்டவர். கறண்ட் போனாப் பிறகு அந்த 20 மைக்ரோ பரட் என்ன செய்யும்? அது வேகமா இறங்க ஒரு வழி வேணும். இறங்காமல் நிண்டா, கறண்ட் திரும்ப வரேக்க வால்வ் குளிர்ந்து கிடக்கும், கேற் நிமிர்ந்து நிக்கும், எச்ரி முழுக்க உடன போகும். அப்ப இவ்வளவு செய்து என்ன பிரயோசனம்.

ஆகவே ஒரு 1என்4007 டயோட்டை அந்தப் புள்ளியிலை இருந்து டிறெயினுக்குப் போடுங்கோ, வெள்ளைக் கோடு உள்ள பக்கம் டிறெயினிலை. ஓடேக்க டிறெயின் எப்பவும் மேல நிக்கும், டயோட் சும்மா கிடக்கும். கறண்ட் போனா டிறெயின் இறங்கும், அது இறங்க இறங்கக் கேற் கப்பாசிற்றரையும் தன்னோட இழுத்துக்கொண்டு போகும். முதல் கப்பாசிற்றருக்குக் குறுக்காலை 100 கிலோ ஓம் 3 வற் ஒண்டு வையுங்கோ, அது எல்லாத்தையும் பத்துச் செக்கனுக்குள்ள பாதுகாப்பான அளவுக்குக் கிட்டக் கொண்டு வரும். அளந்து பாராமல் கை வைக்கிறேல்லை, அது வேற.

இதிலை ஒரு வடிவான விசயம் இருக்கு. கறண்ட் ஒரு கண்வெட்டு நேரம் மட்டும் போய் வந்தா, ஹீற்றர் (வால்வுக்குள்ள சூடாக்கிற கம்பி) இன்னும் சூடாத்தான் இருக்கும், கேற் கப்பாசிற்றரும் கொஞ்சம்தான் இறங்கியிருக்கும். பாட்டு உடன தொடரும். ஒரு நிமிசம் போனா ரெண்டும் இறங்கியிருக்கும், முழுத் தாமதமும் திரும்பக் கிடைக்கும். 555 வைச்சிருந்தா அது ஒரு கண்வெட்டுக்கும் 30 செக்கன் காக்க வைக்கக்கூடும், திருவெம்பாவை நடுவிலை அரை நிமிசம் கோயில் அமைதியா நிக்கும்.

இனி ஸ்ராண்ட்பை தேவையா எண்ட கேள்வி. வால்வ் சூடாக முதல் எச்ரி குடுத்தா கதோட்டு (வால்வுக்குள்ள எலெக்ரோனை விடுற பகுதி) உரிஞ்சு போகும் எண்டு கன இடத்திலை எழுதியிருக்கும். அது ஆயிரக்கணக்கான வோல்ட்டிலை ஓடுற ட்ரான்ஸ்மிற்றர் வால்வுக்குச் சொன்ன கதை, குளிர்ந்து கிடக்கிற இஎல்84க்கு 390 வோல்ட் ஒண்டும் செய்யாது. இஞ்ச சாகிறது வால்வ் இல்லை, கப்பாசிற்றர்தான்; முதல் கப்பாசிற்றர் இப்ப 450 வோல்ட், இந்தச் சேர்க்கிற் காக்கிறது அதுக்குப் பின்னாலை உள்ளதுகளை. மற்றப் பக்கமா ஒரு ஆபத்து இருக்கு, அதைக் கதைக்கிற ஆக்கள் குறைவு. ஹீற்றரைப் போட்டபடி எச்ரியை முழுசா வெட்டிப்போட்டு மணித்தியாலக் கணக்கா விட்டா, கறண்ட் எடுக்காத கதோட்டிலை நிக்கலுக்கும் ஒக்சைட்டுக்கும் நடுவிலை ஒரு படை வளரும், வால்வ் வலு இழக்கும். அதனாலை ஸ்ராண்ட்பையிலை எச்ரியைச் சைபர் ஆக்காதேங்கோ, ஒரு 70 வோல்ட் அளவிலை விடுங்கோ. கேற் புள்ளியை நேர ஏர்த்துக்குக் கட்டாமல் 220 கிலோ ஓம்முக்கால கட்டினாச் சரி. டப்பெண்டு சத்தமும் வராது, நாலைஞ்சு செக்கனிலை பாட்டு மெல்ல அடங்கும்.

ஒண்டு மறக்காதேங்கோ, அந்த நேரம் மொஸ்பெற்றுக்கு மேல 300 வோல்ட்டுக்கு மேல நிக்கும், வால்வ் ஒரு 15 மில்லி அம்பியர் எடுத்தாலும் 4, 5 வற் சூடு. ஓடேக்க ரெண்டு வற்தான். எல்லாரும் ஓடேக்க உள்ள சூட்டுக்கு ஹீற்சிங்க் (சூட்டை வெளியேத்துற தகடு) வைச்சுப்போட்டு ஸ்ராண்ட்பையிலை எரிக்கினம்.

நான் கிளிநொச்சியிலை 90களிலை றேடியோ திருத்தினனான். கறண்ட் கம்பியும் இல்லை, பொருளாதாரத் தடையாலை பற்றியும் வன்னிக்குள்ள வர விடேல்லை, சைக்கிளைக் கவிட்டு வைச்சுப் பெடலைச் சுத்தி டைனமோவிலைதான் செய்தி கேட்டனாங்கள். ஒராள் சுத்தும், வீடே சுத்தி இருந்து கேக்கும். சுத்துறவர் களைச்சு மெதுவாக்கினா வோல்ட் விழும், வேகமாக்கினா றேடியோ எரியும். சப்ளையைக் காக்கிறது எண்டா என்னெண்டு நாங்கள் அதிலைதான் படிச்சனாங்கள். பெரியப்பாவுக்கு என்ர வணக்கத்தைச் சொல்லுங்கோ.


மாங்குளத்தான்:

ஐயா சொன்னதை வாசிச்சுக் காட்டினன், பெரியப்பா திரும்ப ஒருக்கா வாசிக்கச் சொன்னவர். அவரும் டைனமோ சுத்தினவராம்.

ஒரு சந்தேகம். ஸ்ராண்ட்பை சுவிச் 300 வோல்ட்டிலை இருக்கும்தானே, முன்பக்கத்திலை ஐயரோ சின்னப் பெடியளோ தொடுற இடம், எனக்கு அது விருப்பமில்லை.


வவுனியா வேர்க்‌ஷொப்:

நியாயமான பயம். அதுக்குத்தான் ஒரு சின்ன றான்சிஸ்ரர் வையுங்கோ, செத்த சிஎஃப்எல் பல்ப்புக்குள்ள 13003 எண்டு ரெண்டு இருக்கும், அதிலை ஒண்டு காணும். கொலெக்ரர் அந்த 220 கிலோ ஓம்முக்கு, எமிற்றர் ஏர்த்துக்கு, பேஸுக்கும் எமிற்றருக்கும் நடுவிலை 1 கிலோ ஓம். ஹீற்றர் வயரிலை இருந்து ஒரு டயோட்டும் 1000 மைக்ரோ பரட் 16 வோல்ட்டும் போட்டா ஒரு 8 வோல்ட் வரும், அதை சுவிச்சுக்கால, 4.7 கிலோ ஓம்முக்கால பேஸுக்குக் குடுங்கோ. சுவிச்சைப் போட்டா ஸ்ராண்ட்பை, எடுத்தாப் பாட்டு. சுவிச்சிலை 8 வோல்ட்டுக்கு மேல இல்லை, ஆர் தொட்டாலும் ஒண்டுமில்லை. உங்களிட்டக் கிடக்கிற 13007ம் இந்த இடத்துக்கு வேலை செய்யும், பெரிசுதான் எண்டாலும் காசு மிச்சம்.

ஆனா ஹீற்றர் சுத்திலை ஒரு முனை சேசியிலை இருந்தாத்தான் 8 வோல்ட். நடு முனையைச் சேசிக்குக் கட்டியிருந்தா ஒரு பக்கத்திலை 3 வோல்ட் சொச்சம் ஏசிதான், டயோட்டுக்குப் பிறகு நாலுக்கும் குறைவு. அப்ப 4.7 கிலோ ஓம் வைச்சா வாற கறண்ட் எல்லாத்தையும் அந்த பேஸ் எமிற்றர் றெசிஸ்ரரே குடிச்சிடும், றான்சிஸ்ரர் எழும்பாது. அப்பிடியெண்டா 4.7க்குப் பதில் 1 கிலோ ஓம் வையுங்கோ.

மொஸ்பெற்றின்ர முதுகுத் தகடு டிறெயினோட ஒண்டு, அதாவது 390 வோல்ட். சேசியிலை பூட்டேக்க மைக்காத் தாளும் ஆணிக்கு பிளாஸ்ரிக் வோஷரும் போட்டு, பூட்டின பிறகு மீற்றராலை தகட்டுக்கும் சேசிக்கும் பாருங்கோ. சார்ஜரிலை எடுத்தது முழுக்கப் பிளாஸ்ரிக்காலை மூடினதெண்டா இந்தக் கரைச்சல் இல்லை, அதுக்காகவே நான் அதைத்தான் எடுப்பன். சோர்ஸுக்குப் பிறகு 160 மில்லி அம்பியர் பியூஸ் ஒண்டு.

முதல் தரம் சுவிச் போடேக்க மெயின்ஸோட தொடரா 60 வற் குண்டு பல்ப் ஒண்டு. தாட்டுக் கிண்டின றான்ஸ்போமர், எத்தினை வருசம் பாடினாலும் நான் நம்ப மாட்டன். பல்ப் பளிச்செண்டு எரிஞ்சபடி நிண்டா உடன நிப்பாட்டுங்கோ, மங்கினாச் சரி.


கொட்டில்:

நான் இதிலை புதுசு, ஒண்டு கேக்கலாமா. கோயிலிலை கறண்ட் போனா எங்கட இடத்திலை கார் பற்றியிலை இன்வேட்டர் பூட்டித்தான் பாட்டுப் போடுறது. அதிலை வால்வ் அம்பி போட்டா சத்தம் குறையுது, ஹீற்றர் எல்லாம் நல்லாத்தான் எரியுது. 2022ல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கறண்ட் வெட்டின காலத்திலை இருந்து கேக்க வேணுமெண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறன். இதுக்கும் இந்த சப்ளைக்கும் தொடர்பு இருக்கா?


இரணைமடுக் காத்து:

இருக்கு, நல்ல கேள்வி. மெயின்ஸ் 230 எண்டா அதின்ர உச்சி 325 வோல்ட். டயோட்டும் கப்பாசிற்றரும் பிடிக்கிறது அந்த உச்சியைத்தான். மலிவான சதுர அலை இன்வேட்டரிலை உச்சியே 230தான். ஹீற்றருக்குச் சூடுதான் வேணும், அதுக்கு ரெண்டும் ஒண்டு, அதனாலை நல்லா எரியுது. எச்ரி மட்டும் உச்சியோட விழும், 320 வர வேண்டிய இடத்திலை 240, 250தான் வரும். சத்தம் குறையாமல் என்ன செய்யும். சேர்க்கிற்றிலை பிழையில்லை, சைன் அலை இன்வேட்டர் எண்டாத்தான் முழுசாப் பாடும். றான்ஸ்போமர் கூட இரைஞ்சிருக்குமே, அதுவும் அந்தச் சதுர அலையாலைதான்.

மாங்குளத்தாருக்கு: உங்கட சேர்க்கிற்றிலை கேற் வோல்ட் உள்ள வாற வோல்ட்டின்ர பங்காத்தான் நிக்குது, சேனராலை 300 எண்டு பூட்டி வைக்கேல்லை. அதனாலை வோல்ட் விழுந்தாலும் ஏறினாலும் மொஸ்பெற் தன்ர வேலையைச் செய்யும், ஹம்மைத் தடுக்கும். சேனர் கோத்து 300ல பூட்டியிருந்தா இன்வேட்டரிலை ஓடேக்க மொஸ்பெற் முழுக்கத் திறந்து ஹம் அப்பிடியே போயிருக்கும். வன்னிக்கு இதுதான் பொருத்தம்.


மாங்குளத்தான்:

கட்டி முடிச்சிட்டன். மொஸ்பெற் 10என்60, செத்த சார்ஜரிலை எடுத்தது, பிளாஸ்ரிக் மூடினது. வோட்டர் பம்ப் கப்பாசிற்றர் பழைய இசற்81 இருந்த இடத்துக்குப் பக்கத்திலை பட்டியாலை இறுக்கிக் கட்டியிருக்கிறன். ஹீற்றர் ஒரு முனை சேசியிலைதான் இருந்தது, 8 வோல்ட் வந்தது.

மெயின்ஸ் 236 இருக்கேக்க அளந்தது: முதல் கப்பாசிற்றர் ஓடேக்க 322, வெளியிலை 302. ஸ்ராண்ட்பையிலை முதல் கப்பாசிற்றர் 388, வெளியிலை 67. சுவிச் போட்டு 20 செக்கனிலை 200 தாண்டுது, ஒரு நிமிசத்திலை ஒரு இடத்திலை நிக்குது. ஹோணுக்குப் பக்கத்திலை காதை வைச்சா முந்தி இருந்த ஊங் சத்தம் கிட்டத்தட்ட இல்லை. நேற்றுப் பின்னேரம் மழைக்கு ரெண்டு தரம் கறண்ட் போச்சு, ஒருக்கா ஒரு கண்வெட்டு, பாட்டு மெல்லத் தணிஞ்சு உடன வந்தது. மற்றது பத்து நிமிசம், வந்த பிறகு முதல்ல சுவிச் போட்ட மாதிரியே மெதுவா ஏறினது.

ஒண்டு மட்டும் விளங்கேல்லை. கேற் புள்ளியிலை மீற்றரை வைச்சா 305க்குக் கிட்டத் தொடங்கி, வைச்சுக்கொண்டிருக்க இருக்க இறங்கிக்கொண்டே போய் 282ல நிக்குது. வெளி வோல்ட்டும் சேர்ந்து இறங்குது. மீற்றரை எடுத்தா ஒரு நிமிசத்திலை வெளி வோல்ட் திரும்ப 302க்கு வந்திடுது. கப்பாசிற்றர் கசியுதா?


பழைய றேடியோ:

கப்பாசிற்றர் நல்ல கப்பாசிற்றர் தம்பி. உங்கட மீற்றருக்குள்ள 10 மெகா ஓம் இருக்கு. அதைக் கேற் புள்ளியிலை வைக்கேக்க உங்கட 20 மெகா ஓம்மோட சேந்து 7க்கும் குறைவா வருது, அதுதான் வோல்ட்டைக் கீழ இழுக்குது, கப்பாசிற்றர் பெரிசெண்டபடியா மெல்ல மெல்ல இழுக்குது. 282 எண்டது கணக்குக்கும் சரியா வருது. அந்தப் புள்ளியிலை அளக்கவே தேவையில்லை, வெளி வோல்ட்டைப் பாருங்கோ, அதிலை 4 வோல்ட் கூட்டினா கேற்.

ஹீற்சிங்க்கை ஸ்ராண்ட்பையிலை அரை மணித்தியாலம் விட்டுத் தொட்டுப் பாத்தனீங்களோ?


மாங்குளத்தான்:

பாத்தனான் ஐயா. கைவைச்சு எடுக்காமல் வைச்சிருக்கலாம், அவ்வளவு சூடுதான். நாளைக்குக் கோயிலிலை கொண்டுபோய் ஹோண் ரெண்டையும் வேப்பமரத்திலை ஏத்திப் பாக்கப் போறம், ஒண்டை எங்கட வீட்டுப் பக்கமாத் திருப்பிக் கட்டச் சொல்லிப் பெரியப்பா சொல்லியிருக்கிறார்.